காணொலி ட்யூமர் போர்டு: மாவட்ட மருத்துவமனைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணைப்பு அறுபடுவது, மைக்கை அணைத்து வைத்துவிட்டுப் பேசுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை; அவை சில வாரங்களில் தாமாகச் சரியாகிவிடும். அறுவை, கதிர்வீச்சு, மருந்து, நோய்க்கூறியல், கதிரியல் ஆகிய துறையினர் ஒன்றாக அமர்ந்து ஒரு புற்றுநோயாளியின் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம்தான் ட்யூமர் போர்டு. அது முன்பெல்லாம் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில்தான் நடந்தது. நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்கும், 2012இல் உருவான நேஷனல் கேன்சர் கிரிட்டின் மெய்நிகர் ட்யூமர் போர்டு போன்ற ஏற்பாடுகளால் இன்று சிறு ஊர் மருத்துவரும் அந்த அவையில் பேச முடிகிறது. ஆனால் புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்கள், தொடக்கத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள்.

கத்தி வைத்த பிறகு கருத்துக் கேட்பது

இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான். மலையடிவாரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பெண்ணுக்கு மாதக்கணக்கில் உதிரப்போக்கு இருந்தது. கர்ப்பப்பை வாயைக் கண்ணால்கூடப் பார்க்காமல், பயாப்ஸியும் (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுக்காமல், கட்டி என்று சொல்லிக் கர்ப்பப்பையை அகற்றிவிட்டார்கள். அகற்றிய பகுதியின் பரிசோதனை அறிக்கை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றும், வெட்டிய விளிம்பிலேயே நோய் இருக்கிறது என்றும் சொன்னது. அதற்குப் பிறகுதான் அவருடைய விவரம் எங்கள் திரைக்கு வந்தது. "இனி என்ன செய்யலாம் சார்?" என்று அந்த மருத்துவமனையின் இளம் மருத்துவர் கேட்டபோது, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நோய் கர்ப்பப்பையின் பக்கத் திசுவுக்குப் பரவியிருந்தால், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துடன் சேர்த்துத் தரும் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை என்பது 1999 முதல் நிலைபெற்றுவிட்டது. அந்தச் சிகிச்சையின் உயிர்நாடியான, உடலுக்குள்ளிருந்தே தரும் உட்கதிர்வீச்சுக்குரிய குழாயைக் கர்ப்பப்பைக்குள்தான் பொருத்துகிறோம். கர்ப்பப்பையே இல்லாதபோது தேவையான அளவு கதிர்வீச்சை நோயின் மையத்தில் செலுத்துவது கடினமாகிறது. அந்த வெற்றிடத்தில் குடல் இறங்கிவிடுவதால் பக்கவிளைவும் கூடுகிறது. மார்பகக் கட்டியைக் கோர் பயாப்ஸி (ஊசியால் திசுவை எடுத்துச் சோதிப்பது) இல்லாமல் சிறு கீறலில் எடுத்துவிட்டு வருபவர்களின் நிலையும் இதுபோன்றதே. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அது மருந்துக்கு எப்படி இணங்குகிறது என்று பார்க்கும் வாய்ப்பு அங்கே பறிபோகிறது.

எல்லாப் பரிசோதனையும் முடிந்து கேஸ் முழுமையான பிறகே கூட்டத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்ற கூச்சமே இதற்குப் பெரும்பாலும் காரணம். பயாப்ஸி முடிவு கைக்கு வந்ததும், ஸ்கேன் பாக்கியிருந்தாலும் கொண்டு வாருங்கள். உங்கள் பகுதியில் அறுவை செய்யும் தனியார் மருத்துவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருப்பதை நேரில் சென்று சொல்லுங்கள்.

ஸ்கேன் பிலிமைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவது

வேண்டாம். குறுந்தகட்டில் உள்ள, ஸ்கேனின் மூலப் படங்களைக் கொண்ட டைகாம் கோப்பையே அனுப்புங்கள்.

நோயாளியை விட்டுவிட்டு ஸ்கேனைப் பேசுவது

நோயாளி தாமே எழுந்து நடமாடுகிறாரா, பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் கழிக்கிறாரா என்பது கீமோவின் அளவையே மாற்றும். வெளிக்கதிர்வீச்சுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம், வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டும். கூலி வேலையை விட்டு அவருடன் வந்து தங்க யார் இருக்கிறார்கள் என்பது வார்டு செவிலியருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அந்தச் செவிலியரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, கேட்டுப் பேசுங்கள்.

பெயர் எழுதாத முடிவு

வாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பின் தேவைப்படும் கதிர்வீச்சை ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். "கதிர்வீச்சுக்கு அனுப்பலாம்" என்று மட்டும் குறித்துக்கொண்டு கூட்டத்தை முடித்தால், காயம் ஆறியதா, பல் மருத்துவரிடம் காட்டியாயிற்றா, காப்பீட்டு ஒப்புதல் வந்ததா என்று யாரும் விசாரிக்காமலே அந்த ஆறு வாரமும் கடந்துவிடும். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே பொறுப்பாளரின் பெயரையும் தேதியையும் எழுதி, அடுத்த கூட்டத்தைப் புதிய நோயாளியிலிருந்து தொடங்காமல் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.