மரணப் படுக்கையருகே 88-ம் சங்கீதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாகும் தறுவாயில் இருப்பவரின் பக்கத்தில் வேதாகமத்தின் 88-ம் சங்கீதத்தை வாசிப்பவர்கள் கடைசி வசனமான 18-க்கு வந்ததும் திணறிப்போகிறார்கள். சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்பதோடு பாட்டு நின்றுவிடுகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் ‘இருள்’. அவசரமாக, ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று ஆறுதல் சொல்லும் 23-ம் சங்கீதத்துக்குப் புரட்டிவிடாதீர்கள். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை நம்பிக்கையிலோ துதியிலோ முடியும். 13-ம் சங்கீதம் ஆறே வசனத்தில் அங்கே போய்ச் சேர்கிறது. தலைப்பில் ஏமான் என்பவரின் பெயர் தாங்கிய இந்த 88-ம் பாட்டு போய்ச் சேரவில்லை, தொகுத்தவர்களும் அப்படியே விட்டிருக்கிறார்கள். நோயாளிக்கு அதுவே துணை: தன் வாயில் வராத சொல் வேதத்தில் இருக்கிறது. வாசித்து முடித்துச் சற்றுநேரம் பேசாமல் இருங்கள். அவரே கேட்டால் 23-ஐ வாசிக்கலாம்.

இப்படிப் புலம்புவதை அவிசுவாசம் என்று கண்டிப்பவர்கள் 1, 9, 13 வசனங்களைக் கவனிப்பதில்லை. இரவும் பகலும், அநுதினமும், காலையிலும் இந்தப் பாட்டைப் பாடுகிறவர் கர்த்தரைக் கூப்பிட்டபடியே இருக்கிறார். ‘நீர் என்னைத் தள்ளிவிடுவதேன்’ என்ற புகாரும் கர்த்தரிடமே போகிறது.

இந்தச் சங்கீதத்தில் வரும் ‘பாதாளம்’ என்றதும் நரகம் என்று விளக்கம் சொல்வது இன்னொரு தவறு. எபிரெயத்தில் அது ‘ஷெயோல்’, இறந்தோர் எல்லாரும் இறங்கும் இடம். யோசேப்பு செத்தான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடே மகனிடம் பாதாளத்தில் இறங்குவேன் என்கிறான் (ஆதியாகமம் 37:35). மகன் நரகத்தில் இருக்கிறான் என்றா அவன் சொன்னான்?

மிகவும் காயப்படுத்துவது, சாகும் நோயில் கிடந்த யூதாவின் ராஜா எசேக்கியாவை அளவுகோலாக்குவதுதான் (2 இராஜாக்கள் 20). சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தான், ஆயுளில் 15 வருடம் கூடியது; ஆகவே விசுவாசம் இருந்தால் உங்களுக்கும் கூடும் என்கிறார்கள். தாவீது தன் குழந்தைக்காக உபவாசித்துத் தரையில் கிடந்தான், ஏழாம் நாளில் குழந்தை இறந்தது (2 சாமுவேல் 12). இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். எசேக்கியாவின் கட்டிக்கு அத்திப்பழ அடை வைத்துக் கட்டியதையும் விடாதீர்கள். ஜெபிக்கிறோம் என்று மருந்தை நிறுத்த அந்த அதிகாரம் இடம் தரவில்லை.

‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்கு (1 இராஜாக்கள் 19) முதலில் கிடைத்தது உபதேசம் அல்ல. தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. யாராவது சாக வேண்டும் என்று சொன்னால் வசனத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். தனியே விடாமல் கூடவே இருங்கள், சாப்பிட வையுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.