கம்யூனிஸ்ட் காலத்தைப் பார்த்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால்

1948 ஜூன் 16 அன்று மலாயாவின் (இன்றைய மலேசியா) சுங்கை சிப்புட்டில் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் போராளிகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து, காட்டுக்குள் இருந்த அவர்களை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த அவசரகாலம் 1960 ஜூலை வரை நீடித்தது. அப்போது 10 வயதில் இருந்தவர்கள் இன்று 90-ஐ நெருங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது டாக்டருக்கு உதவியாளாக வேலை பார்த்தவன். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வந்த எத்தனையோ பேருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். மாத்திரை தொடாத இடம் ஒன்று அவர்களிடம் இருந்தது.

முதலில் கவனியுங்கள். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, தூங்கும்போதும் மடியில் வைத்திருப்பார். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் பேச்சை நிறுத்துவார். சீருடை போட்டவர் யார் வந்தாலும், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவரே ஆனாலும், எழுந்து நிற்பார். இதையெல்லாம் வயசான கோளாறு என்று தள்ளிவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, பேரன் வேலைக்குக் கிளம்பும்போது பையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் வைத்தால் பதறிப்போய் எடுத்துவிடுவார். "இங்கயே சாப்ட்டுட்டுப் போ" என்று கெஞ்சுவார். மறதி நோய் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவர் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போன காலத்தில் தோட்டத்து வாசலில் சோதனை நடக்கும். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வெளியே சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். கடையில் வாங்கும் டின்னைக்கூட ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். பையில் அரிசியோடு பிடிபட்டால் ஜெயில். பேரனிடம் இதைச் சொன்னேன். இப்போது அவன் பாட்டியின் கண் முன்னால் பொட்டலம் கட்டுவதில்லை. செய்யவேண்டியது அவ்வளவுதான். "அதெல்லாம் போன காலம் பாட்டி" என்று வாதாடிப் பயன் இல்லை. அவர் யோசிப்பதற்கு முன்பே உடம்பு பயந்துவிடுகிறது.

இரவில் அலறி எழுந்தால் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். விளக்கைப் போட்டுவிட்டு, கால்மாட்டில் நின்று கூப்பிடுங்கள்: "அம்மா, நான்தான், உங்க சின்ன மக. இது தாமான் வீடு. கதவு பூட்டியிருக்கு." (தாமான் என்றால் இன்றைய குடியிருப்புப் பகுதி, தோட்டத்து வீடு இல்லை.) அவர் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு கிட்டே போய்க் கையைப் பிடியுங்கள். விடியற்காலையில் பட்டாளம் வந்து லயத்துக் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு) கதவைத் தட்டி, எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, காட்டிக்கொடுக்க முகத்தை மூடிக்கொண்டு வந்த ஒருவன் தலையாட்டினால் ஆளை லாரியில் ஏற்றிய காலம் அது. மறதி நோயும் சேர்ந்துகொண்டால் நேற்று நடந்தது மறந்து, அந்த விடியற்காலைதான் மேலே வரும். தீபாவளிப் பட்டாசுக்கும் இதேதான்: முன்கூட்டியே சொல்லுங்கள், அந்த நேரம் பக்கத்தில் ஒருவர் இருங்கள்.

அப்புறம், கதை கேட்பது. பேரப்பிள்ளைகளுக்கு இப்போது வரலாறு தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் போனை முகத்துக்கு நேரே நீட்டி "யாரைச் சுட்டாங்க தாத்தா?" என்று தொடங்காதீர்கள். என்ன பயிர் போட்டீர்கள், பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டம்) எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேளுங்கள். வேலி போட்டது எப்போது என்று அவரே வருவார். காட்டில் இருந்தவர்களிடமிருந்து மக்களைப் பிரிக்க 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத்து ஆட்களையும் ஒரே இடமாகச் சேர்த்து வேலி போட்டார்கள். அவர் வருஷத்தை மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம். நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். பேசி முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ஒரு கோப்பி போட்டுக் கொடுத்து, இன்றைய பேச்சுக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டுப் போங்கள். அன்று இரவு எப்படித் தூங்கினார் என்று பாருங்கள். தூக்கம் கெட்டிருந்தால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ராத்திரியில் காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசி கேட்டார்கள். பகலில் பட்டாளம் வந்து யார் கொடுத்தது என்று கேட்டது. கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் உயிருக்கு ஆபத்து. அதில் பக்கம் எங்கே இருக்கிறது? தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்ட பிறகு, சங்கம் என்ற பேச்சையே தாழ்ந்த குரலில் பேசிய வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பயம் பிள்ளைகளுக்கும் போனது. சம்பளம் குறைந்தாலும் கேட்காதே, கையெழுத்துப் போடாதே, கூட்டத்துக்குப் போகாதே என்றே வளர்த்தார்கள்.

பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். "அவன்தான் காட்டிக் கொடுத்தான்" என்று பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அந்த மனிதரின் பேத்தி அடுத்த தெருவில் இருக்கலாம். எந்த நிலையில் அவர் தலையாட்டினார் என்று நமக்குத் தெரியாது. இந்தப் பழியால் மூன்று தலைமுறையாகக் கல்யாணத்துக்குக்கூட அழைப்பு வைக்காத குடும்பங்கள் உண்டு. முடிந்தால் நீங்கள் ஒரு கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுங்கள்.

சாப்பாடு குறைந்தாலோ, தூக்கமே இல்லாமல் போனாலோ, "போய்ச் சேர்ந்தா நல்லது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ, கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) கூட்டிப் போங்கள். நம் பக்கத்தில் ஒரு தயக்கம் இருக்கிறது: "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்று. 1911-இல் தொடங்கிய அந்த மனநல ஆஸ்பத்திரியின் பெயரையே இங்கே வசவாக்கி வைத்திருக்கிறோம். தூக்கம் வரவில்லை என்று போய்ச் சொன்னால் யாரும் அங்கே அடைத்துவிட மாட்டார்கள். வன்முறையில் பிழைத்தவர்களுக்கு வரும் இந்த நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் PTSD என்று தனிப் பெயர் கொடுத்ததே 1980-இல்தான். அதற்கு முன் நம் ஆட்கள் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். பயந்தவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தாரே. பெரியவர் கயிறு கேட்டால் கட்டுங்கள், டாக்டரிடமும் போங்கள். ஆனால் பக்கத்து வீட்டுத் தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் அது ஆளைக் கீழே தள்ளும்.

டாக்டரிடம் "வயசாயிடுச்சு, தூங்கமாட்டேங்கிறாங்க" என்பதோடு நிறுத்தாமல், சின்ன வயதில் என்ன பார்த்தார் என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். பெரியவர் முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு நீங்களே அழைத்து, "எங்க அப்பாவுக்கு இப்படி இருக்கு, நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்கலாம்.