இரண்டு கிளவுட் சர்வர்களை ஒரே ஸ்விட்சில் மாட்டுவது: ஓப்பன் விஸ்விட்ச் செய்முறை

மண்டபத்தில் ஒரு இறால் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், கம்பெனியும் பாதி ஓய்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, ஆபீஸ் மூலையில் உப்புக்காற்றில் துருவேறிக்கொண்டிருந்த இரண்டு சர்வர்களையும் அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனுக்கு மாற்றினேன். ஒன்றில் சரக்கு இருப்பு, இன்னொன்றில் பில். மாற்றி முடித்த அன்றே கணக்குப்பிள்ளை அண்ணன் போன் செய்தார்: "தம்பி, பில்லு போடுற இடத்துல சரக்கு ஒண்ணுமே காட்டலையே?"

காரணம் புரிய அரை நாள் ஆனது. அந்த புரோகிராம் பழசு. பில் சர்வர் கிளம்பியதும் "சரக்கு சர்வர் எங்கே?" என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும், அதாவது பிராட்காஸ்ட் அனுப்பும். ஆபீஸில் இரண்டும் ஒரே ஸ்விட்சில் இருந்ததால் அந்தக் கூவல் கேட்டது. அமேசானின் விபிசி (கிளவுடுக்குள் நமக்கென்று இருக்கும் தனி நெட்வொர்க்) பிராட்காஸ்ட்டைச் சுமந்து செல்லாது. இரண்டு மெஷினும் அதற்குள் ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே பிரிவில், இருந்தாலும் அதே கதைதான். சோர்ஸ் கோடு கையில் இல்லாததால் புரோகிராமை மாற்ற வழியில்லை. ஆக, இரண்டு மெஷினுக்கும் நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்விட்ச் இருப்பதுபோல் காட்டியாக வேண்டும்.

அதற்குத்தான் ஓப்பன் விஸ்விட்ச். இலவசம், லினக்ஸ் கெர்னலிலேயே 2012-ல் வந்த 3.3 பதிப்பிலிருந்து இதற்கான பகுதி இருக்கிறது. மெஷின் ஒன்றுக்கு ஒரு மெய்நிகர் ஸ்விட்ச் வைத்து, இரண்டையும் விஎக்ஸ்லேன் சுரங்கத்தால் இணைக்கப் போகிறோம் (அது என்ன என்பது 4-ம் படியில்).

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். காப்பி-பேஸ்ட் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது 3-ம் படியில் வருகிறது.

படி 1: மெஷின்கள்

உபுண்டு 24.04 போட்ட டி3.மைக்ரோ (அமேசானின் சின்ன மெஷின் வகை) இரண்டு, ஒரே விபிசியில். என்னுடையவற்றின் பிரைவேட் ஐபி 10.0.1.10 மற்றும் 10.0.1.20. மெஷின் உருவாக்குவது, எஸ்எஸ்ஹெச் சாவி வைத்து உள்ளே போவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 2: செக்யூரிட்டி குரூப்

விஎக்ஸ்லேன் பாக்கெட் யுடிபி 4789 போர்ட்டில் வரும். செக்யூரிட்டி குரூப் என்பது மெஷினுக்குள் எதை விடலாம் என்று சொல்லும் அமேசானின் விதிப்பட்டியல். அதன் உள்வரும் விதியில் இந்த போர்ட்டைத் திறக்க வேண்டும். டிசிபி இல்லை, யுடிபி. சோர்ஸ் என்ற இடத்தில் அதே செக்யூரிட்டி குரூப்பின் பெயரையே கொடுங்கள். இரண்டு மெஷினும் அந்த குரூப்பில் இருக்க வேண்டும். சோம்பல்பட்டு 0.0.0.0/0 போட்டு உலகத்துக்கே திறந்துவிடாதீர்கள். விஎக்ஸ்லேனில் பாஸ்வேர்டும் கிடையாது, என்கிரிப்ஷனும் கிடையாது.

சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக்கை (மெஷினின் சொந்த ஐபி இல்லாத பாக்கெட்டைத் தடுக்கும் அமேசானின் சோதனை) அணைக்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். நாம் செய்யப்போகும் முறையில் வெளியே போகும் பாக்கெட்டில் மெஷினின் சொந்த ஐபிதான் இருக்கும். அதனால் அதைத் தொடவே வேண்டாம்.

படி 3: ஸ்விட்ச் உருவாக்குவது

இரண்டு மெஷினிலும்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓப்பன்விஸ்விட்ச்-ஸ்விட்ச்

சுடோ ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் ஆட்-பிஆர் பிஆர்0

பிஆர்0 என்பதுதான் உங்கள் ஸ்விட்ச். முடிந்தது. இங்கே நிறுத்துங்கள்!

நான் நிறுத்தவில்லை. வீட்டு லேபுக்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பில் அடுத்த வரி, ஸ்விட்சுக்குள் நிஜ நெட்வொர்க் கார்டைச் சேர்க்கச் சொன்னது: ஆட்-போர்ட் பிஆர்0 ஈஎன்எஸ்5. என்டர் தட்டினேன். திரை அப்படியே உறைந்தது. உச்சிப்புளியில் அன்று நல்ல கச்சான் காற்று, சிக்னல்தான் போய்விட்டது என்று நினைத்து போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சிக்னல் நாலு கட்டை இருந்தது.

நடந்தது இதுதான். ஈஎன்எஸ்5 ஸ்விட்சுக்குள் போன நொடியிலிருந்து அதில் வரும் பாக்கெட் எல்லாம் ஓப்பன் விஸ்விட்சின் கைக்குப் போய்விடும். ஐபி முகவரியோ இன்னும் ஈஎன்எஸ்5 மேல் உட்கார்ந்திருக்கும். விலாசம் ஒரு வீட்டில், தபால் போவது வேறு வீட்டுக்கு. மேஜை மேல் இருக்கும் மெஷின் என்றால் கீபோர்டைத் தட்டி ஐபியை பிஆர்0-க்கு மாற்றிவிடலாம். மும்பையில் இருக்கும் மெஷினுக்கு எங்கே போய்க் கீபோர்டு தேடுவது?

ரீபூட் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஓப்பன் விஸ்விட்ச் தன் அமைப்பையெல்லாம் கான்ஃப்.டிபி என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதையே திரும்பச் செய்யும். மூன்று முறை ரீபூட் செய்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. சீரியல் கன்சோல் (நெட்வொர்க் போனாலும் மெஷினுக்குள் போக அமேசான் தரும் வழி) வழியாகப் போகலாம் என்றால், அதில் லாகின் செய்ய பாஸ்வேர்டு வேண்டும். நான் சாவி மட்டும்தான் வைத்திருந்தேன்.

கடைசியில் மெஷினை நிறுத்தி, அதன் ரூட் டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு மெஷினில் மாட்டி, மவுண்ட் செய்து, கான்ஃப்.டிபி கோப்பை அழித்து, திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். திரும்ப மாட்டும்போது டிவைஸ் பெயரை /டெவ்/எஸ்டிஏ1 என்றே கொடுக்க வேண்டும். வேறு பெயர் கொடுத்தால் ரூட் டிஸ்க் இல்லை என்று மெஷின் கிளம்பாது. இதையும் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன்.

சரி, ஐபியைக் கவனமாக பிஆர்0-க்கு மாற்றிவிட்டால் அந்த முறை வேலை செய்யுமா? உங்கள் எஸ்எஸ்ஹெச் பிழைக்கும், அவ்வளவுதான். ஆபீஸ் ஸ்விட்ச் எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தானே கற்றுக்கொள்ளும், தெரியாததை எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். கிளவுட் நெட்வொர்க் அப்படி இல்லை. எந்தக் கார்டுக்கு எந்த மேக், எந்த ஐபி என்று அது முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாததைக் கீழே போட்டுவிடும். கார்டை ஸ்விட்சுக்குள் இழுத்துப் பயனே இல்லை.

இனி எந்த நெட்வொர்க் கட்டளைக்கு முன்பும் நான் ஒரு காவல் வைத்துவிடுவேன்: ஸ்லீப் 180, அதற்குப் பின் செய்ததை ரத்து செய்யும் கட்டளை, இரண்டையும் நோஹப் (இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓட விடும் கட்டளை) போட்டுப் பின்னணியில் ஓட விடுவது. வெளியே பூட்டிக்கொண்டால் மூன்று நிமிடத்தில் கதவு தானே திறக்கும்.

படி 4: சுரங்கம்

இறாலை யாரும் லாரியில் அப்படியே கொட்டுவதில்லை. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்து, மேலே விலாசம் ஒட்டி ஏற்றுவோம். உள்ளே வெள்ளை இறாலா புலி இறாலா என்பது டிரைவருக்கு வேண்டாத விஷயம். விஎக்ஸ்லேனும் அப்படித்தான். உங்கள் ஈதர்நெட் ஃபிரேம் முழுவதையும் சாதாரண யுடிபி பாக்கெட்டுக்குள் அடைத்து அனுப்புகிறது. அமேசானுக்குத் தெரிவது வெளி விலாசம் மட்டும். உள்ளே பிராட்காஸ்ட் இருப்பது அதற்குத் தெரியாது.

10.0.1.10 மெஷினில், எல்லாம் ஒரே வரியாக:

சுடோ ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் ஆட்-போர்ட் பிஆர்0 விஎக்ஸ்0 -- செட் இன்டர்ஃபேஸ் விஎக்ஸ்0 டைப்=விஎக்ஸ்லேன் ஆப்ஷன்ஸ்:ரிமோட்_ஐபி=10.0.1.20 ஆப்ஷன்ஸ்:கீ=100

மற்ற மெஷினில் இதே வரி, ரிமோட்_ஐபி மட்டும் 10.0.1.10. கீ என்பது சுரங்கத்தின் எண், அது இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் வரும் இரட்டைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடுங்கள்.

படி 5: ஐபி கொடுப்பது

சுடோ ஐபி அட்ரஸ் ஆட் 192.168.50.1/24 பிஆர்டி + டெவ் பிஆர்0

சுடோ ஐபி லிங்க் செட் பிஆர்0 அப்

மற்றதில் 192.168.50.2. அந்த "பிஆர்டி +" எதற்கு? அது இல்லாமலும் பிங் போகும். ஆனால் இன்டர்ஃபேஸுக்கு பிராட்காஸ்ட் முகவரி பதிவாகாது. எங்கள் பழைய புரோகிராம் கார்டிடம் "உன் பிராட்காஸ்ட் முகவரி என்ன?" என்று கேட்டுத்தான் கூவும். 0.0.0.0 என்று பதில் வந்ததும் பேசாமல் இருந்துவிட்டது. பிளஸ் குறி போட்டதும் 192.168.50.255 என்று பதிவானது. பில் திரையில் சரக்கு வந்தது.

படி 6: சரிபார்ப்பது

முதலில் 192.168.50.2-க்கு ஒரு பிங். போகவில்லை என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல், பாக்கெட் போவதையும் வருவதையும் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு மெஷினிலும் ஓட விடுங்கள்: சுடோ டிசிபிடம்ப் -என்ஐ ஈஎன்எஸ்5 யுடிபி போர்ட் 4789. ஒரு பக்கம் கிளம்புகிறது, மறு பக்கம் வந்து சேரவில்லை என்றால் தவறு செக்யூரிட்டி குரூப்பில். கிளம்பவே இல்லை என்றால் 4-ம் படியில் எழுத்துப்பிழை.

பிங் போனதும் சுடோ ஓவிஎஸ்-ஆப்சிடிஎல் எஃப்டிபி/ஷோ பிஆர்0 என்று கேட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்க மேக் முகவரியை ஸ்விட்ச் கற்றுக்கொண்டிருப்பது தெரியும். இரண்டே மெஷினுக்கு லினக்ஸின் சொந்த பிரிட்ஜே போதும் என்று ஒரு கட்சி உண்டு. உண்மைதான். ஆனால் ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் ஷோ என்று ஒரு வரியில் மொத்தப் படமும் கிடைக்கும் வசதியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பின்சேர்க்கை 1: ரீபூட் செய்ததும் எல்லாம் போய்விட்டது என்று இருவர் கேட்டிருந்தார்கள். எல்லாம் போகவில்லை. ஸ்விட்சும் சுரங்கமும் கான்ஃப்.டிபியில் பத்திரமாக இருக்கும். 5-ம் படியில் கொடுத்த ஐபிதான் போகும். அந்த இரண்டு வரியையும் மெஷின் கிளம்பும்போது தானே ஓடும் ஒரு சிஸ்டம்டி சர்வீஸில் போட்டு, ஓப்பன்விஸ்விட்ச்-ஸ்விட்ச் சர்வீஸுக்குப் பிறகு ஓடும்படி வையுங்கள். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பான நெட்பிளானிலும் செய்யலாம். அதில் ஓர் இடைவெளி தப்பினாலும் கோபித்துக்கொள்ளும் என்பதால் எனக்கு அது ஒத்துவராது.

பின்சேர்க்கை 2: கூகுள் கிளவுடில் இதையே செய்தவருக்குப் பிங் போகிறது, பெரிய கோப்பு அனுப்பினால் பாதியில் தொங்குகிறது. இது ஐஸ் விவகாரம். பெட்டியில் ஐஸ் போட்டால் இறாலுக்கு இடம் குறையும். விஎக்ஸ்லேன் 50 பைட் எடுத்துக்கொள்ளும். அமேசானில் விபிசிக்குள் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 9001 என்பதால் நான் இதை உணரவே இல்லை. கூகுளில் வழக்கமாக 1460. அதனால் உங்கள் ஸ்விட்சுக்கு 1410 தான் மிஞ்சும். இரண்டு பக்கமும்: சுடோ ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் செட் இன்டர்ஃபேஸ் பிஆர்0 எம்டியு_ரிக்வெஸ்ட்=1410. பிறகு எதிர்ப்பக்க ஐபிக்கு பிங் -எம் டூ -எஸ் 1382 போக வேண்டும் (எம் மட்டும் பெரிய எழுத்து; மீதி 28 பைட் பிங்கின் சொந்தத் தலைப்பு), 1383 போகக்கூடாது.

பின்சேர்க்கை 3: மூன்றாவது மெஷின் சேர்ப்பவர்கள் கவனிக்க. மூன்றுக்கும் நடுவே ஒன்றுக்கொன்று சுரங்கம் போட்டால் முக்கோணமாகிவிடும். ஒரு பிராட்காஸ்ட் அதில் சுற்றிச் சுற்றி வந்து பெருகும். ஒரு வாசகரின் டி3 மெஷின்கள் சிபியு கிரெடிட் (முழு வேகத்தில் ஓடக் கிடைக்கும் இருப்பு) முழுக்கத் தின்று தீர்த்து மயங்கிக் கிடந்தன. சுற்று உண்டானால் ஒரு வழியை அடைத்து இதைத் தடுக்கும் முறை எஸ்டிபி. அது ஓப்பன் விஸ்விட்சில் இயல்பாக அணைந்தே இருக்கும். மூன்று மெஷினிலும் சுடோ ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் செட் பிரிட்ஜ் பிஆர்0 எஸ்டிபி_எனேபிள்=ட்ரூ என்று கொடுங்கள். இல்லையென்றால் ஒரு மெஷினை நடுவில் வைத்து மற்ற இரண்டையும் அதனோடு மட்டும் இணையுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். நடு மெஷின் படுத்தால் மற்ற இரண்டும் பேசிக்கொள்ளாது. ஆனால் எங்கள் கம்பெனியில் நடுவில் இருப்பது சரக்கு சர்வர், அது படுத்தால் பில்லும் போட முடியாது.