ஒரு பிட் புரண்டால் கண்டுபிடித்துத் திருத்துவது எப்படி? ஹாமிங் கோடு (code), கையால் போட்டுப் பார்ப்போம்

ஒரு சென்சார் அனுப்பும் எண்களை நீளமான வயர் வழியாக வாங்க வேண்டியிருந்தது. பக்கத்தில் மோட்டார் ஓடினால் போதும், எங்காவது ஒரு 0 புரண்டு 1 ஆகிவிடும், இல்லை 1 புரண்டு 0 ஆகிவிடும். ஒருவழிப் பாதை, ‘திரும்ப அனுப்பு’ என்று கேட்கவும் முடியாது. அப்படித்தான், புரண்ட பிட்டை வாங்குகிற பக்கமே கண்டுபிடித்துத் திருத்த உதவும் ஹாமிங் கோடு என்ற முறையைப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு மாலையில் முடிய வேண்டியது மூன்று நாள் இழுத்தது. எங்கே இழுத்தது என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

இதன் பிறப்பே எரிச்சலில்தான். 1947-இல் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதிகளில் ரிலே (மின்காந்த சுவிட்ச்) கணினியில் வேலையைப் போட்டுவிட்டுப் போவார். ஏதாவது பிழை தட்டுப்பட்டால் இயந்திரம் அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிகிறதே, அது எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாதா என்று யோசித்தவர், விடையை 1950-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இரும எண்கள் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும். இணையத்தில் கால்குலேட்டர்கள் கிடைக்கின்றன, முதல் தடவைக்கு அவை வேண்டாம். விடை வரும், காரணம் பிடிபடாது.

படி 1. ஏழு கட்டங்கள் போட்டு 1 முதல் 7 வரை எண் கொடுங்கள். 0-இலிருந்து தொடங்காதீர்கள். 1, 2, 4 ஆகிய கட்டங்கள் பாரிட்டி பிட்டுகளுக்கு, அதாவது சரிபார்ப்பதற்காக நாம் சேர்க்கும் கூடுதல் பிட்டுகளுக்கு. மிச்சமுள்ள 3, 5, 6, 7 நம் தரவுக்கு. 1011 என்ற தரவை எடுத்துக்கொள்வோம்: 3-இல் 1, 5-இல் 0, 6-இல் 1, 7-இல் 1.

படி 2. எந்தக் கட்டத்துக்கு யார் காவல்? கட்ட எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 6 என்பது 4+2, ஆகவே அதற்கு 4-உம் 2-உம் காவல். 5 என்பது 4+1. 3 என்பது 2+1. 7-க்கு மூன்று பேருமே காவல். திருப்பிச் சொன்னால், 1-இன் குழு 1, 3, 5, 7. 2-இன் குழு 2, 3, 6, 7. 4-இன் குழு 4, 5, 6, 7.

படி 3. ஒவ்வொரு குழுவிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி பாரிட்டியை நிரப்புங்கள். முதல் குழுவில் ஏற்கெனவே இரண்டு 1 இருக்கிறது, எனவே 0. அடுத்ததில் மூன்று இருக்கிறது, எனவே 1. கடைசியில் இரண்டு, எனவே 0. கிடைத்த சொல்: 0110011.

படி 4. 6-ஆம் கட்டத்தை நாமே புரட்டுவோம்: 0110001. இப்போது வாங்குகிறவர் இடத்தில் உட்கார்ந்து குழுக்களை எண்ணுங்கள். 1-இன் குழு இரட்டைப்படை, சரி. 2-இன் குழு ஒற்றைப்படை, தவறு. 4-இன் குழுவும் தவறு. தவறு என்று சொன்ன காவலர்களின் எண்களைக் கூட்டுங்கள்: 2+4=6. பிழை இருக்கும் விலாசம் அதுதான். அந்த பிட்டைத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது.

நான் விழுந்தது இங்கேதான். தவறு என்றால் 1, சரி என்றால் 0 என்று வைத்து, குழுக்களைச் சோதித்த வரிசையிலேயே 0, 1, 1 என்று இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே போனேன். 011 என்றால் 3. போய் 3-ஐப் புரட்டினேன். ஒரு பிழை இரண்டாயிற்று. 4-இன் விடைதான் இடக்கோடியில் வர வேண்டும், அதாவது 110. இதைவிடக் கொடுமை, முதலில் 5-ஐயும் 7-ஐயும் புரட்டிச் சோதித்தபோது எல்லாம் சரியாகவே வந்தது! 101, 111 இரண்டும் ‘விகடகவி’ மாதிரி, எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றுதான். ஆகவே சோதிக்கும்போது 1, 3, 4, 6 இவற்றில் ஒன்றையாவது கட்டாயம் புரட்டிப் பாருங்கள்.

0-இலிருந்து எண்ண வேண்டாம் என்றதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. மூன்று குழுவும் ‘சரி’ என்றால் விடை 0. பிழையே இல்லை என்று சொல்ல அந்த எண்ணை ஒதுக்கியாயிற்று.

நிரலாக எழுத எனக்குப் பைத்தான்தான் வசதி. மூன்று குழுவுக்கு மூன்று லூப் எழுதத் தேவையில்லை. 1 இருக்கும் கட்டங்களின் எண்களை எல்லாம் எக்ஸ்-ஆர் (XOR: இரும வடிவில் பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1) செய்தால் போதும். 0110001-இல் 1 இருப்பவை 2, 3, 7. 2-ஐயும் 3-ஐயும் எக்ஸ்-ஆர் செய்தால் 1, அதை 7-உடன் செய்தால் 6. வரிசைக் குழப்பத்துக்கே இடமில்லை. மூன்று நாள் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது.

பிற்சேர்க்கை 1: இரண்டு பிட் புரண்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். மோசம்தான். 3, 6 இரண்டையும் புரட்டிப் பாருங்கள், விடை 5 என்று வரும். அதையும் ‘திருத்தினால்’ 0100101, பார்வைக்குப் பழுதில்லாத சொல், உள்ளே 0101 என்ற தப்பான தரவு. இதற்கு மருந்து எட்டாவதாக ஒரு பிட், ஏழுக்கும் சேர்த்து ஒரே பாரிட்டி. குழுக்கள் பிழை என்கின்றன, எட்டு பிட்டிலும் உள்ள 1-களின் மொத்தமோ இரட்டைப்படையாகவே இருக்கிறது என்றால் இரண்டு புரண்டிருக்கின்றன, திருத்தாமல் தூக்கிப் போடுங்கள். குழுக்கள் எல்லாம் சரி, மொத்தம் மட்டும் ஒற்றைப்படை என்றால் புரண்டது அந்த எட்டாவது பிட்தான். சர்வர்களில் போடும் ஈசிசி (ECC, பிழை திருத்தும்) மெமரியில் 64 பிட்டுக்கு 8 கூடுதல் பிட் வைத்து 72 ஆக்குவதும் பொதுவாக இந்தக் கணக்கில்தான்.

பிற்சேர்க்கை 2: மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் தனித்தனி பிட்டைத் தொடுவதில்லை, அடுத்தடுத்து நாலைந்தை வாரிக்கொண்டு போகிறது என்று இன்னொருவர் எழுதினார். என் வயரிலும் அதே கதைதான். எட்டு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வரிவரியாக அனுப்பாமல் நெடுக்காக அனுப்புங்கள்: எட்டு சொற்களின் முதல் பிட்டுகள், அப்புறம் எட்டின் இரண்டாம் பிட்டுகள் என்று. தொடர்ந்து எட்டு பிட் வரை அடிபட்டாலும் ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் புரளாது. வாங்குகிற பக்கம் எட்டு சொற்களும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் செலவு.