ஃபில்டர் ஒளியைக் கூட்டாது: வான் ஒளிப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபில்டர் எந்த ஒளியையும் கூட்டித் தராது. கழிக்க மட்டுமே அதற்குத் தெரியும். எதைக் கழிக்க வேண்டும் என்று தெளியாமல் வாங்கினால், நமக்கு வேண்டிய ஒளியே கழிந்துபோகும்.

சென்னையின் மொட்டைமாடியிலிருந்து ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை இரட்டைப் பட்டை ஃபில்டர் போட்டு மூன்று இரவுகள் எடுத்தேன். மங்கிய மையமும் சில செம்புள்ளிகளும்தான் மிஞ்சின. அந்த ஃபில்டர் ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர், ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஆகியவற்றை ஒட்டிய குறுகிய பட்டைகளை மட்டுமே உள்ளே விடும். ஓரியன், ரோசெட் போன்ற நெபுலாக்கள் (விண்வெளி வாயு மேகங்கள்) பெரிதும் அந்த அலைநீளங்களில் ஒளிர்வதால் நகரத்திலிருந்தும் அழகாக வரும். ஆண்ட்ரோமெடாவோ கோடானுகோடி விண்மீன்களின் ஒளி. எல்லா நிறங்களிலும் பரந்து கிடப்பது. கார்த்திகைக் கூட்டத்தைச் சூழ்ந்த நீலத் தூசும் விண்மீன் ஒளியைச் சிதறடித்துத்தான் தெரிகிறது. இவற்றுக்கு ஃபில்டரைத் தேடாதீர்கள். இருண்ட ஊருக்குப் போங்கள்.

"ஒளி மாசு ஃபில்டர்" என்று விற்கப்படும் பழைய வகையிலும் கவனம் தேவை. சோடியம் தெருவிளக்குகளின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரைச் சுற்றியே இருந்ததால் அதை வெட்டுவது எளிது. இப்போது தெருவெங்கும் எரியும் வெள்ளை எல்இடி எல்லா நிறங்களிலும் பரவியிருக்கிறது. அதை வெட்டினால் விண்மீன்களின் ஒளியும் சேர்ந்தே வெட்டுப்படும்.

ஃபில்டரின் கண்ணாடித் தடிமனையும் பலர் மறந்துவிடுகிறார்கள். படத்தின் மூலைகளிலும் விண்மீன்களைக் கூர்மையாக்கும் சமதளமாக்கும் லென்சிலிருந்து கேமராவின் சென்சார் வரை பொதுவாக 55 மில்லிமீட்டர் இடைவெளி கேட்பார்கள். இடையில் 2 மில்லிமீட்டர் ஃபில்டர் வந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.7 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். இதை விட்டுவிட்டு மூலைகளில் விண்மீன்கள் நீண்டிருப்பதற்குத் தொலைநோக்கியைக் குறை சொல்வது நியாயமில்லை.

வழிகாட்டலுக்கு, அதாவது படம் எடுக்கும் நேரம் முழுக்கத் தொலைநோக்கியை வானத்தின் சுழற்சியோடு பிசகாமல் நகர்த்துவதற்கு, வருவோம். இங்கேதான் நிறைய இரவுகள் வீணாகின்றன. நம் ஊரில் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாக இருக்கும்: சென்னையில் ஏறக்குறைய 13 பாகை, கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். அதனால் துருவச் சீரமைப்பை (தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டின் அச்சை வான துருவத்தை நோக்கி வைப்பதை) அரைகுறையாக விட்டு, "மிச்சத்தை கைடு கேமரா பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிடுகிறார்கள். கைடு கேமரா, அதாவது ஒரு விண்மீனைப் பார்த்தபடி மவுண்டைத் திருத்தும் சிறு கேமரா, அந்த ஒன்றை மட்டுமே நிலைநிறுத்தும்; சீரமைப்பு பிசகியிருந்தால் மற்றவை அதைச் சுற்றி மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். வடக்கு தெரியாத இடத்தில், விண்மீன் நகரும் திசையைப் பார்த்துத் திருத்தும் நகர்வு முறையைக் கற்றுக்கொள்வது அவசியம்.

கைடு கேமரா ஒவ்வொரு படத்துக்கும் எடுக்கும் நேரத்தை அரை வினாடியாகக் குறைப்பதும் கெடுதலே. காற்றின் நடுக்கத்தை மவுண்டின் பிழை என்று நினைத்து மென்பொருள் அதைத் துரத்தத் தொடங்கும். 2 அல்லது 3 வினாடி வைத்துப் பாருங்கள். வழிகாட்டல் பிழையைக் காட்டும் வரைபடம் அடங்குவதைப் பெரும்பாலும் காணலாம்.

வரைபடம் அமைதியாக இருந்தும் 5 நிமிடப் படத்தில் விண்மீன்கள் கோடாக நீள்கின்றனவா? முதலில் கைடு ஸ்கோப்பின், அதாவது கைடு கேமரா பொருத்திய சிறு தொலைநோக்கியின், பிடிமானத்தைச் சந்தேகியுங்கள். அதுவும் பெரிய குழாயும் தனித்தனியே தொய்கின்றன. ஒற்றைத் திருகில் நிற்கும் பிடியை மாற்றி, தொங்கும் கேபிள்களைக் கட்டுங்கள். நீண்ட குவியத் தொலைவுள்ள தொலைநோக்கி என்றால், அதே ஒளிப்பாதையிலிருந்து விண்மீனை எடுக்கும் ஆஃப் ஆக்சிஸ் கைடருக்கு மாறுவதே நல்லது. அதை ஃபில்டருக்கு முன்னால் பொருத்துங்கள். பின்னால் வைத்தால், குறுகிய பட்டை ஃபில்டரைத் தாண்டி வரும் மங்கலான ஒளியில் வழிகாட்ட விண்மீனே கிடைக்காமல் போகலாம்.