மனிதப் படைப்பை யூத உரைகளோடு படிப்பது எப்படி?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை ஒரே மூச்சில் படித்துவிடாதீர்கள். முதலில் 1:26-31 மட்டும் போதும். அப்புறம் 2:7, பிறகு 2:18-25. ஒரு தாளை நடுவில் மடித்து, இரண்டு அதிகாரங்களும் சொல்வதைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஆணும் பெண்ணும் கடவுளின் சாயலில் சேர்ந்தே படைக்கப்படுகிறார்கள். அடுத்ததில் மண்ணிலிருந்து ஒருவன் உருவாகிறான், அவன் நாசியில் மூச்சு ஊதப்படுகிறது, பெண் பிறகுதான் வருகிறாள். இரண்டையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்க அவசரப்படாதீர்கள். ரபிகளுக்கு, அதாவது யூத மத அறிஞர்களுக்கு, வேலை தொடங்குவதே இந்த இடைவெளியில்தான். பெரேஷித் ரப்பா என்ற மித்ராஷ் (ரபிகளின் வேத விளக்கம்) தொகுப்பில் ஒரு ரபி சொல்கிறார்: முதல் மனிதனுக்கு இரண்டு முகங்கள் இருந்தன; கடவுள் அவனை அறுத்துப் பிரித்து, இருவருக்கும் தனித்தனி முதுகு கொடுத்தார்.

அடுத்து, "மனுஷனை உண்டாக்குவோமாக" என்ற இடத்தில் நில்லுங்கள். கடவுள் ஒருவர்தானே, ஏன் பன்மை? 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி, கடவுள் தேவதூதர்களிடம் கலந்து பேசினார் என்கிறார். மாற்றுக் கொள்கையினர் இந்தப் பன்மையைத் தங்களுக்குச் சாதகமாக வளைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பெரியவர் சிறியவரிடம் யோசனை கேட்க வேண்டும் என்று கற்பிப்பதற்காக வேதம் அப்படியே எழுதியது என்கிறார். இன்னொரு உரையாசிரியரான ரம்பானோ, கடவுள் பூமியிடம் பேசினார் என்பார்: உடலைப் பூமி தரும், உயிரைக் கடவுள் தருவார். எனக்கு ராஷிதான் நெருக்கம். இரண்டையும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது, ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், நீதிமன்றங்களைப் பற்றிய சன்ஹெட்ரின் பகுதியின் 4:5க்கு. ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவன் என்ற வாக்கியம் அங்கிருந்து வருகிறது. பலர் அதை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். தயவுசெய்து பத்தியை முதலிலிருந்து படியுங்கள். அது ஒரு நீதிமன்றம். மரண தண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர்களை நீதிபதிகள் எச்சரிக்கிறார்கள். பண வழக்கில் பிழையாகச் சாட்சி சொன்னால் பணம் கொடுத்துப் பரிகாரம் தேடலாம். இங்கே கொல்லப்பட்டவன் இரத்தமும் அவனுக்குப் பிறந்திருக்க வேண்டிய சந்ததிகளின் இரத்தமும் உன் தலைமேல் என்கிறார்கள். ஓர் உயிர் ஓர் உலகம் என்று கற்பிக்கத்தான் ஆதாம் தனியாகப் படைக்கப்பட்டான் என்று அந்தச் சாட்சியின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். 'என் அப்பன் உன் அப்பனைவிடப் பெரியவன்' என்று யாரும் சொல்லக் கூடாது என்பதும் அதே இடத்தில்தான். அரசன் ஒரே அச்சில் அடிக்கும் காசுகள் எல்லாம் ஒன்றுபோலிருக்கும். கடவுள் எல்லோரையும் ஆதாமின் அச்சில் வார்த்தும் ஒருவர்போல் இன்னொருவர் இல்லை.

பதிப்பைக் கவனியுங்கள். சில அச்சுப் பதிப்புகளில் "இஸ்ரவேலில் ஓர் உயிர்" என்றிருக்கும். பழைய கையெழுத்துப் பிரதிகளில் "இஸ்ரவேலில்" என்ற சொல் இல்லை. ஆதாம் எல்லாருக்கும் தகப்பன் என்பதிலிருந்து எழும் வாதம் இது. அதனால் பழைய பாடமே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

மிஷ்னாவை ஒட்டி ரபிகள் நடத்திய விவாதங்களின் தொகுப்பான தல்மூதில், எருவின் என்ற பகுதியின் 13ஆ பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். மனிதன் படைக்கப்பட்டது நல்லதா என்று ஹில்லெல், ஷம்மாய் என்ற இரு அறிஞர்களின் பள்ளியினர் இரண்டரை ஆண்டு வாதிட்டு, படைக்கப்படாமல் இருந்திருந்தால் நல்லது என்று முடிவெடுத்தார்கள். எடுத்த எடுப்பிலேயே இதைப் படித்தால் வெறும் கசப்பாகத் தெரியும். மிஷ்னாவுக்குப் பின் படித்தால் அந்த முடிவின் கனம் புரியும். அடுத்த வரியையும் விடாதீர்கள்: படைக்கப்பட்டாகிவிட்டது, இனி தன் செயல்களை ஆராயட்டும். செய்தவற்றையா, செய்யப்போகிறவற்றையா என்பதில் இரண்டு பாடங்கள் உண்டு. தல்மூத் இரண்டையும் பதிவு செய்திருக்கிறது.