வன்னியில் பழைய ஸ்டீரியோ செற் வாங்கிப் பூட்டுதல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

1970களிலும் 1980களிலும் யப்பானில் செய்யப்பட்ட நல்ல அம்பிளிபயர் ஒன்று, முறையாகப் பார்த்து வாங்கினால், இன்றும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அப்படியான செற்றுகள் வன்னி வீடுகளின் பரணில் கிடைப்பது அரிது. 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோ மின்னில் பாட்டுக் கேட்ட ஊர்கள் இவை. இருந்தவற்றில் பல இடப்பெயர்வுகளில் கைவிடப்பட்டன. மிஞ்சியவை 2009இல், இறுதிப் போரில் போயின. ஆகவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இன்று ஒருவர் வாங்கும் செற், பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஏ9 வீதியால் வந்து சேர்வது. பிழையென்றால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது இலகுவல்ல என்பதால், காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவற்றையே இங்கு கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் எதை வாங்குவது

ஒரு அம்பிளிபயரும் ஒரு சோடி ஸ்பீக்கரும் போதும். இசைத்தட்டுச் சுழலி, கசெற் டெக் ஆகியவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் கைத்தொலைபேசியிலிருந்தே பாட்டைக் கொடுக்கலாம். சான்சூய், பயனியர், கென்வூட், டெக்னிக்ஸ், மராண்ட்ஸ், அக்காய் ஆகியவை நம்பிப் பார்க்கக்கூடிய பெயர்கள். ஆனாலும் பெயரை விட, அந்தக் குறிப்பிட்ட பெட்டி எப்படிப் பாவிக்கப்பட்டது என்பதே முக்கியம். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஆயிரம் வாற்று, இரண்டாயிரம் வாற்று என்ற எண்களில் மயங்க வேண்டாம். ஒரு பக்கத்துக்கு உண்மையான 30 வாற்று தரும் பழைய அம்பிளிபயர், வீட்டுத்திட்ட வீடொன்றின் விறாந்தையை நிரப்பப் போதுமானது.

பின்பக்கத் தகட்டை வாசித்தல்

விலை பேசுவதற்கு முன் பெட்டியைத் திருப்பி, மின்வயர் உள்ளே போகும் இடத்துக்கு அருகிலுள்ள சிறிய தகட்டை ரோச் வெளிச்சத்தில் வாசியுங்கள். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். தகட்டில் 220, 230 அல்லது 240 என்று இருந்தால் நேரடியாகப் பாவிக்கலாம். ஏற்றுமதிக்கெனச் செய்யப்பட்ட பல செற்றுகளில் 110, 120, 220, 240 என்று மாற்றக்கூடிய திருகி ஒன்று பின்னால் இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்காமல் ஒருபோதும் பிளக்கைச் சொருக வேண்டாம்.

தகட்டில் 100 வோல்ற் என்று மட்டும் இருந்தால் அது யப்பானின் உள்நாட்டுப் பாவனைக்குரியது. அதற்கு 230ஐ 100 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் தேவை. கடைகளில் இலகுவாகக் கிடைப்பது 110 வோல்ற் தருவது. அதைப் பூட்டினால் செற் பாடும், ஆனால் எப்போதும் பத்து வீதம் கூடுதலான அழுத்தத்தில் இயங்கிச் சூடேறும். உள்ளே மின்னைச் சேமிக்கும் நாற்பது வயதான கொள்ளளவிகளுக்கு (கப்பாசிற்றர்) அந்தச் சூடு நல்லதல்ல என்பதால் 100 வோல்ற் தருவதையே கேட்டு வாங்குங்கள். அதன் கொள்திறன், தகட்டிலுள்ள வாற்றளவைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

வானொலியும் சேர்ந்த ரிசீவர் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யப்பானில் எப்.எம். அலைவரிசை நீண்டகாலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே இருந்தது; நம் நாட்டு நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்திருக்கின்றன. முகப்பின் அளவுகோல் 90இல் முடிந்தால், அந்த ரிசீவரில் நீங்கள் எதிர்பார்க்கும் நிலையங்களில் அநேகமானவை வரா. விற்பவர் இதைச் சொல்லாமல் விடலாம்; நீங்கள் பார்த்துவிட்டால் விலையைக் குறைத்துப் பேச நியாயமான காரணம் கிடைக்கும்.

விற்பவர் முன்னிலையில் சோதித்தல்

கைத்தொலைபேசி, அதை அம்பிளிபயரோடு இணைக்கும் வயர், ரோச், 1.5 வோல்ற் பற்றரி, மல்ரிமீற்றர் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைத் தொலைபேசியில் வைத்திருங்கள். தெரிந்த குரல் மாறி ஒலித்தால்தான் காது உடனே கண்டுபிடிக்கும்.

அம்பிளிபயரைப் போட்டவுடன், பாதுகாப்பு ரிலே (பழுதென்றால் ஸ்பீக்கரைத் துண்டித்து வைக்கும் சுவிட்ச்) உள்ளதென்றால், சில வினாடிகளில் உள்ளே 'டிக்' என்று கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வராமல் செற் ஊமையாகவே நின்றால் உள்ளே பழுது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒலியளவு, பாஸ், ட்ரெபிள், பலன்ஸ் என எல்லாத் திருகிகளையும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் பயப்படத் தேவையில்லை. அது பெரும்பாலும் தூசியும் களிம்பும்தான், தொடுமுனை துப்புரவாக்கும் ஸ்பிரேயில் சரிவரும். ஒரு பக்கம் சத்தமே இல்லாமல் போவதும், பாட்டில்லாதபோதும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்பதும் பெரிய செலவைக் குறிக்கலாம். ஸ்பீக்கர்களைக் கழற்றி, பாட்டை நிறுத்தி, ஒலியளவைப் பூச்சியத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் நேரோட்ட (டி.சி.) வோல்ற்றளவை மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ற்றுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. வோல்ற்றுக் கணக்கில் காட்டினால் அந்த அம்பிளிபயரை ஸ்பீக்கரோடு இணைக்கவே கூடாது, சுருள் கருகிவிடும்.

ஸ்பீக்கரில் முன்பக்கத் துணியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றவிடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராகவோ துணியாகவோ இருந்தால் நீடிக்கும். நுரையாக இருந்தால் நம் சூட்டிலும் ஈரத்திலும் உக்கியிருக்கக்கூடும்: விரல் நுனியால் மெல்லத் தொட்டாலே கறுப்புத் தூளாக உதிர்ந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். வளையத்தை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்தே பேசுங்கள். அடுத்து, பற்றரியை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். நேர்முனை சிவப்பிலும் எதிர்முனை கறுப்பிலும் பட்டால் பாஸ் கூம்பு முன்னோக்கி எழும்ப வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் எழும்புகின்றனவா என்று பார்த்துவிட்டு, கூம்பைக் கையால் சமமாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் முதல்வேலை

பிளக்கைக் கழற்றி ஒரு நாள் அப்படியே விட்டபிறகு மூடியைத் திறவுங்கள். பெரிய கொள்ளளவிகள் மின்னைச் சேமித்து வைத்திருக்கும் என்பதால் எதையும் கையால் தொடாமல், மென்மையான தூரிகையால் செம்மண் தூசியை அகற்றுங்கள். களஞ்சியத்தில் கிடந்த செற்றுகளில் பல்லி முட்டையும், ஸ்பீக்கரின் காற்றுத்துளைகளில் குளவி கட்டிய மண்கூடும் இருக்கும். அந்தக் கூடு துளையை அடைத்துவிட்டால் பாஸ் ஒலி சரியாக வராது. உப்பியோ ஒழுகியோ இருக்கும் கொள்ளளவி கண்ணில் பட்டால், செற்றைப் போடாமல் றேடியோ திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். எரிந்த பியூசுக்குப் பதில் கம்பி சுற்றியிருந்தால், செற்றில் குறித்துள்ள அம்பியர் அளவுள்ள பியூசைப் போட்டபின்பே மின் கொடுக்க வேண்டும்.

இணைத்தலும் வைத்தலும்

எல்லா இணைப்புகளையும் மின்னை நிறுத்திவிட்டே செய்யுங்கள். ஸ்பீக்கர் வயரின் நுனியில் ஒரு சென்ரிமீற்றர் மட்டும் உரித்து, இழைகளை முறுக்கி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் பூட்டுங்கள். வெளியே நீட்டிய ஒற்றை இழை பக்கத்து முனையில் பட்டாலும் அம்பிளிபயர் பழுதாகலாம். அம்பிளிபயரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருக்கையில் 4 ஓம் ஸ்பீக்கரைப் பூட்ட வேண்டாம். தொலைபேசியின் வயரை 'ஓக்ஸ்' துளையிலோ 'ரேப்' உள்ளீட்டிலோ கொடுங்கள். 'போனோ' துளை இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ற் சமிக்ஞைக்கானது. அதில் தொலைபேசியைக் கொடுத்தால் ஒலி சிதறி அலறும்.

நம் வீடுகளின் சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும் என்பதால், செற்றுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை அறைக்கும் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, சீமெந்துக் கற்களின் மேல் பலகை போட்டு, கீச்சொலி ஸ்பீக்கர் உட்கார்ந்திருப்பவரின் காதுமட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தரையில் பாய் விரித்து, எதிர்ச்சுவரில் தடித்த திரைச்சீலை தொங்கவிட்டால் பாடுபவரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் தெளிவாக வந்து நிற்கும். எனக்குத் தெரிந்தவரை, இவ்வளவு மலிவாக ஒலியைத் திருத்தும் வழி வேறில்லை.

இசைத்தட்டும் கசெற்றும்

சுழலி வாங்கும்போது மீண்டும் தகட்டையே பாருங்கள். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டுமான ஆடலோட்ட (ஏ.சி.) மோட்டர் நம் மின்சாரத்தில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். பாட்டு இழுபட்டுத் தாழும். யப்பானின் கிழக்கில் 50, மேற்கில் 60 என இரு அதிர்வெண்கள் உள்ளதால், அங்குள்ள பல சுழலிகளில் இரண்டுக்கும் வசதி இருக்கும். ஊசியைப் புதிதாக மாற்றி, அதன் அழுத்தத்தை, ஊசியைத் தாங்கும் காட்ரிஜின் உற்பத்தியாளர் சொன்ன அளவில், பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராமில், வையுங்கள். கசெற் டெக்கில் பெல்ற் இளகியிருக்கும், மாற்றுவது மலிவு. வாசிக்கும் தலையை ஐசோபுரோப்பில் அல்ககோல் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம்.

கார்த்திகை, மார்கழி மழையில் செற்றை மூடிவைக்காமல், கிழமைக்கு இரண்டு தடவையாவது ஒரு மணி நேரம் பாடவிடுங்கள். அந்தச் சூட்டில் உள்ளீரம் உலரும். இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை நிறுத்துவது போதாது; பிளக்கையும் அன்ரெனா வயரையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.